ஏரிக்கரை போட்டுக்கொடுத்த வழி

உத்திரமேரூருக்கு இன்றுவரை ரயில் வந்ததில்லை. அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு 1865லேயே ஒரு சிறு ரயில் பாதை போடப்பட்டது. பிற்பாடு அது வாலாஜாபாத் வழியாகச் செங்கல்பட்டுக்கு நீண்டது. சென்னையிலிருந்து தெற்கே இறங்கிய பெரிய பாதை மதுராந்தகத்தைத் தொட்டுக்கொண்டு விழுப்புரம் போனது. இந்த இரண்டு பாதைகளுக்கும் நடுவில், வடக்கே ஆறுகளும் சுற்றிலும் ஏரிகளுமாக உத்திரமேரூர் ஒதுங்கி நின்றுவிட்டது. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, மதுராந்தகம், வந்தவாசி ஆகிய நான்கு ஊர்களும் அங்கிருந்து ஏறத்தாழ 25 முதல் 35 கிலோமீட்டர். மாட்டு வண்டிக்கு அது ஒரு ராத்திரிப் பயணம். நடப்பவருக்கு ஒரு பகல் முழுக்கப் போய்விடும். சைக்கிளுக்கு இரண்டு, இரண்டரை மணி நேரம்.

உத்திரமேரூர்ச் சீமையில் சைக்கிள் ஏன் இத்தனை ஆழமாக வேரூன்றியது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அந்தச் சாலைகளில் வேறு வகைச் சைக்கிள்காரர்களைப் பார்க்கலாம். தலையில் ஹெல்மெட், உடம்போடு ஒட்டிய ஜெர்சி, விரல் கனமே உள்ள டயர். சென்னையிலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் வருகிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையின் கார் நெரிசல் சலித்துப்போனவர்களுக்கு இந்தப் பக்கத்துச் சாலைகள் பிடித்திருக்கின்றன. மேடு பள்ளம் அதிகம் இல்லை. புளிய மரம் உண்டு. ஒரு வளைவு திரும்பினால் தண்ணீர் தெரிகிறது. அந்த வளைவு அங்கே ஏன் இருக்கிறது என்று கேட்டால் பதிலுக்கு ஆயிரத்து இருநூறு ஆண்டு பின்னால் போக வேண்டும்.

எட்டாம் நூற்றாண்டில், இரண்டாம் நந்திவர்மப் பல்லவன் காலத்தில், பிராமணர்களுக்குக் கொடையாக விடப்பட்ட பிரமதேயமாக உருவான ஊர் உத்திரமேரூர். ஊர் என்றால் உண்மையான பொருளில் திட்டமிட்ட ஊர். அங்குள்ள கல்வெட்டுகளில் ஒரு நிலத்தை அடையாளம் சொல்லும் முறையைப் பார்த்தால் அது புரியும். இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாவது கண்ணாறு, இத்தனையாவது சதுக்கம் என்று எழுதிக்கொண்டு போகிறார்கள். வதி என்பது வடக்கு தெற்காக ஓடும் பாதை. வாய்க்கால் கிழக்கு மேற்காக ஓடும் தண்ணீர். பாதையும் நீரும் குறுக்கும் நெடுக்குமாக நிலத்தைக் கட்டம் போட்டிருக்கின்றன. ஒவ்வொரு வதிக்கும் ஒவ்வொரு வாய்க்காலுக்கும் பெயர் உண்டு. நம் நகரங்களில் சர்வே எண்ணும் பிளாட் எண்ணும் செய்யும் வேலையை அன்று பாதையும் வாய்க்காலும் செய்தன. பிரான்சுவா குரோவும் இரா. நாகசாமியும் 1970இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட உத்திரமேரூர் நூல் இந்த ஊரமைப்பை ஆராய்ந்தது.

உத்திரமேரூர் என்றதும் எல்லோரும் குடவோலைத் தேர்தலுக்குப் போய்விடுவார்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தகனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 30 குடும்புகள் என்ற வார்டுகள், உறுப்பினருக்கு வயது 35க்கு மேல் 70க்குள், சொந்த மனையில் வீடு, கணக்குக் காட்டாதவனுக்கு இடமில்லை என்ற விதிகளெல்லாம் பாடப்புத்தகம்வரை வந்துவிட்டன. 2020 டிசம்பரில் டெல்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோதுகூட இந்த ஊர்ப் பெயர் பேசப்பட்டது. ஆனால் அந்தக் கல்வெட்டில் சம்வத்சர வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் பக்கத்தில் நிற்கும் ஏரி வாரியத்தைப் பற்றி மேடையில் பேசுவோர் குறைவு. சாலைகளின் கதைக்கு அதுதான் முக்கியம்.

உத்திரமேரூர்ப் பெரிய ஏரியின் பழைய பெயர் வைரமேக தடாகம். வைரமேகன் என்பது தந்திவர்மப் பல்லவனின் பட்டப்பெயர். ஏரியைத் தோண்டியதோடு வேலை முடியவில்லை. ஆண்டுதோறும் வண்டல் சேரும், எடுத்தாக வேண்டும். அதற்கென்று பொன்னும் நிலமும் எழுதி வைத்திருக்கிறார்கள். அதன் வட்டியிலிருந்து குழி குத்தி மண் எடுத்து, எடுத்த மண்ணைக் கரைமேல் போட வேண்டும் என்பது ஏற்பாடு. ஏரி ஆழமாக ஆகக் கரை உயர்ந்தது, அகன்றது, இறுகியது. மழைக்காலத்தில் சுற்றிலும் வயல் சேறாகக் கிடக்கும்போது கால் புதையாமல் நடக்கக்கூடிய ஒரே இடம் கரைதான். ஆக, ஏரி வாரியம் தண்ணீரைக் காப்பதற்குச் செய்த வேலையில் ஊருக்கு வழியும் கிடைத்தது. இதை யாரும் சாலை என்று திட்டமிடவில்லை. திட்டமிட்டிருந்தால் நேராகப் போட்டிருப்பார்கள்.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் பொதுப்பணித்துறையின் கணக்கில் 381 ஏரிகள். 2019இல் பிரிந்த செங்கல்பட்டு மாவட்டத்தில் 528. ஊராட்சிகளின் வசமுள்ள சிற்றேரிகளும் தாங்கல்களும் இதில் சேராது. ஓர் ஏரியின் கலங்கல் வழிந்தால் அடுத்த ஏரிக்கு வரத்து. அப்படி வழிவதை இந்தப் பக்கத்து மக்கள் ‘ஏரி கோடி போகுது’ என்பார்கள். சங்கிலியாக அமைந்த இந்த ஏரிகளில் ஒரு கரை முடியும் இடத்தில் ஊர். ஊரைத் தாண்டினால் அடுத்த கரை. பிற்காலத்தில் கப்பி ரோடு போட வந்தவர்களும், அதன்மேல் தார் ஊற்றியவர்களும், 2000 டிசம்பரில் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் வேலை எடுத்த ஒப்பந்ததாரர்களும் பல இடங்களில் இந்தப் பழைய தடத்தையே பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

நடுவே கம்பெனி ஆட்சி வந்தது. 1763இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் ஏறக்குறைய 2,000 ஊர்களைக் கணக்கெடுத்தார்: வீடு எத்தனை, ஏரி எத்தனை, தோப்பு எத்தனை, யாருக்கு எவ்வளவு மானியம் என்று. தென்னிந்தியாவில் ஒரு பகுதியின் ஊர்களை இவ்வளவு நெருக்கமாகக் காட்டும் பழைய ஆவணங்கள் குறைவு. கம்பெனிக்கு வேண்டியது வரி. வரி வர ஏரி நிறைய வேண்டும். அதனால் லயனல் பிளேஸ் போன்ற கலெக்டர்கள் ஏரிகளைப் பழுதுபார்ப்பதில் அக்கறை காட்டினார்கள். சாலைகளின் பக்கம் அந்த அக்கறை அப்படித் திரும்பவில்லை. படை போகும் பெருவழிகள் கவனிக்கப்பட்டன. 1760 ஜனவரியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய வந்தவாசி பக்கத்தில்தானே இருக்கிறது! கரை வழிகள் ஊராரின் பொறுப்பிலேயே கிடந்தன.

இந்த நிலத்தில்தான் சைக்கிள் வந்து இறங்கியது.

இன்றைக்கு நாம் பார்க்கும் வடிவத்தில் சைக்கிள், அதாவது ஒரே அளவில் இரண்டு சக்கரமும் பின்சக்கரத்துக்குச் செயினும் கொண்டது, 1885இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஸ்டார்லி என்பவரின் பட்டறையில் உருவானது. மூன்றாண்டுகளில் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். பத்து ஆண்டுகளுக்குள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நடுத்தர வர்க்கத்தின் பொழுதுபோக்காக அது பரவியது. நல்ல சாலை வேண்டும் என்று அரசாங்கத்தை முதலில் நெருக்கியவர்களே அங்கே சைக்கிள் சங்கத்தார். விலை இறங்கிய பிறகுதான் தொழிலாளியின் கைக்குப் போனது. இந்தியாவுக்குக் கப்பலேறி வந்தபோதும் முதலில் வெள்ளைக்கார அதிகாரி, பாதிரியார், பிறகு வக்கீல், குமாஸ்தா என்ற வரிசையில்தான் இறங்கியது. ராலே, ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., ஹம்பர் எல்லாம் சீமைச் சரக்கு. பி.எஸ்.ஏ. என்பது பர்மிங்காமில் துப்பாக்கி செய்துகொண்டிருந்த கம்பெனி என்பதை அறியாமலேயே தலைமுறை தலைமுறையாக நம்மவர்கள் அதில் நெல் மூட்டை ஏற்றினார்கள்.

கிராமம்வரை அது சேர்ந்தது சுதந்திரத்துக்குப் பிறகு. 1949இல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் கைகோத்து அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆலையைத் தொடங்கின. அம்பத்தூர் அன்று செங்கல்பட்டு மாவட்டம். உத்திரமேரூரும் அதே மாவட்டம். சொந்த மாவட்டத்தில் செய்த ஹெர்குலிஸ் சைக்கிள் என்ற பெருமை கொஞ்ச காலம் இந்தச் சீமைக்கு இருந்தது. 1997இல் மாவட்டம் இரண்டாகப் பிரிந்தபோது அம்பத்தூர் திருவள்ளூர்ப் பக்கம் போய்விட்டது. லூதியானாவில் ஹீரோவும் சோனிபட்டில் அட்லஸும் ஐம்பதுகளில் வந்தன. எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும் கிராமத்துக்கு வந்த வண்டி ஒன்றுதான்: கறுப்பு நிறம், 22 அல்லது 24 இஞ்ச் பிரேம், தடித்த பார், இரட்டைக் கால் ஸ்டாண்டு, ஏறக்குறைய 20 கிலோ எடை. கல்யாணத்தில் மாமனார் வீட்டுச் சீராக வாட்ச், ரேடியோவோடு அது மூன்றாவதாக நின்றது. வாங்கியவர் முதல் வேலையாகப் பின் கேரியரை மாற்றினார். கம்பெனி கொடுத்த கேரியர் காகிதக் கட்டுக்குத்தான் ஆகும். பட்டறையில் இரும்பு வாங்கி அகலமாக அடித்துக்கொண்டால்தான் அது வண்டி.

அகலக் கேரியரில் போனவை என்னென்ன? காஞ்சிபுரத்துப் பட்டு முதலாளிகளிடமிருந்து சுற்றுக் கிராமத்துத் தறிகளுக்குப் பாவும் ஜரிகையும் போயின. நெய்து முடித்த சேலை துணிப் பையில் மடிந்து திரும்பியது. பால்காரரின் கேன்கள் இரண்டு பக்கமும் தொங்கின. கத்தரியும் வெண்டையும் விடிவதற்குள் காஞ்சிபுரம் ராஜாஜி மார்க்கெட்டைச் சேர்ந்தாக வேண்டும்; பின்னிரவில் கிளம்பியவர்கள் கூட்டமாகப் போனார்கள், தனியாகப் போனால் சுடுகாட்டு வளைவில் பயம். ஏரியில் மீன் பிடித்த நாளில் ஈரச் சாக்குக் கூடையோடு மீன்காரர் கரைவழியே ஊர் ஊராக இறங்கினார். ஐஸ் பெட்டி, கோழிக் கூடை, பாய் கட்டு, துணி மூட்டை, தபால் பை. சாணை பிடிப்பவர் ஸ்டாண்டு போட்டு, பின்சக்கரத்திலிருந்து கல்லுக்குப் பட்டை மாட்டி, உட்கார்ந்த இடத்திலிருந்தே மிதிப்பார். அவருக்கு வண்டியே பட்டறை. முப்பது கிலோமீட்டர் என்பதை ஒரே பகலில் போய்த் திரும்பும் தூரமாக மாற்றிக்கொடுத்தவர்கள் இவர்கள். இன்றைய ஜெர்சிக்காரர்கள் செல்போனில் வரைபடம் போட்டுச் சேமித்து வைத்திருக்கும் தடங்கள் பெரும்பாலும் இந்த வியாபாரத் தடங்கள்தான்.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. உள்ளாட்சிக்கு ஆண்டு வரி கட்டி ஒரு தகர வில்லை வாங்கிச் சைக்கிளில் மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். இரவில் விளக்கு இல்லாமல் போனால் அபராதம், டபுள்ஸ் போனால் அபராதம். முதலில் மண்ணெண்ணெய் விளக்கு. பிறகு டயரில் உரசி எரியும் டைனமோ. ஊர் எல்லையில் போலீஸ்காரர் நிற்பது தெரிந்ததும் பின்னால் உட்கார்ந்தவர் குதித்து இறங்கி, அப்பாவியாக நடந்துபோய், திருப்பத்துக்கு அப்பால் மறுபடி ஏறிக்கொள்ளும் காட்சியைக் காணாத தமிழக ஊர் இருந்திருக்காது.

சொந்தமாக வாங்க முடியாதவருக்கு வாடகை சைக்கிள் கடை. கடை பெரும்பாலும் பஸ் நிற்கும் இடத்தையொட்டி ஒரு தட்டிக் கொட்டகை. முன்னால் வரிசையாக வண்டிகள், மட்கார்டில் எண். நோட்டில் பெயரும் எடுத்த நேரமும் எழுதுவார்கள். பக்கத்திலேயே தண்ணீர்த் தொட்டி, பஞ்சர் பார்க்க. ரிம் வளைந்தால் ஸ்போக்ஸை முறுக்கிக் கோட்டம் எடுப்பது தனி வித்தை; நல்ல மேஸ்திரி காதாலேயே கம்பியின் இறுக்கம் கண்டுபிடிப்பார். ஆண்டுக்கு ஒருமுறை வண்டியை முழுதாகக் கழற்றி ஓவராயில். சிறுவர்களுக்குச் சின்ன சைக்கிள் எல்லாக் கடையிலும் கிடைக்காது. பார் தடுக்கும் என்பதால் அதற்குக் கீழே காலை நுழைத்து, உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்து, அரைப் பெடலாக மிதித்துப் பழகினார்கள். குரங்கு பெடல் என்ற அந்த மிதிப்பின் பெயரிலேயே 2024இல் ஒரு திரைப்படம் வந்தது. ராசி அழகப்பனின் ‘சைக்கிள்’ என்ற சிறுகதையிலிருந்து கமலக்கண்ணன் எடுத்தது.

வழி எதுவும் இல்லாமல் ஓடிய ஒரு சைக்கிளும் இந்த வரலாற்றில் உண்டு. கோடையில் அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் நாட்களில் ஊர்ப் பொதுவிடத்தில் கம்பம் நட்டு, ஒலிபெருக்கி கட்டி, ஒருவர் வட்டமாகச் சைக்கிள் மிதிக்கத் தொடங்குவார். மூன்று நாள், ஐந்து நாள், ஏழு நாள் என்று இறங்காமல். சாப்பாடு, குளியல், உடை மாற்றுதல் எல்லாம் வண்டியின் மேலேயே. இரவானால் டியூப் லைட்டை மார்பில் அடித்து உடைப்பார். பல்லால் வாளி தூக்குவார். நடுவே ரெக்கார்டு டான்ஸ். சட்டையில் ரூபாய் நோட்டுக் குத்துவதும், குத்தியவர் பெயரை மைக்கில் சொல்வதும் முக்கிய நிகழ்ச்சி. கடைசி நாளில் தரையில் குழி தோண்டி அவரைப் புதைத்து எடுப்பது உண்டு. பாரதக் கூத்து பார்க்கப் பக்கத்து ஊர்களிலிருந்து சைக்கிளில் வந்த அதே கூட்டம் இதற்கும் வந்தது. உலகத்தின் பெரிய சைக்கிள் பந்தயங்களை எழுதும் விளையாட்டுச் செய்தியாளர்கள் யாரும் இந்த வீரர்களைக் கணக்கில் எடுத்ததில்லை. உடம்பின் தாங்கு சக்தியை வைத்துப் பார்த்தால் எடுத்திருக்க வேண்டும்.

பெண்கள் இந்தச் சாலைகளுக்குப் பிந்தித்தான் வந்தார்கள். தமிழ்நாட்டில் அதற்கான பெரிய உடைப்பு நடந்தது புதுக்கோட்டையில். 1991ஐ ஒட்டிய ஆண்டுகளில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. அன்றைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு முன்னின்றார். முத்து பாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு ஊர் ஊராகப் பாடப்பட்டது. கல்குவாரித் தொழிலாளர்களும் விவசாயக் கூலிகளும் செவிலியர்களும் மிதிக்கத் தொடங்கினார்கள். ஒரு லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் கற்றதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். பஸ்ஸுக்கும் அண்ணனுக்கும் புருஷனுக்கும் காத்திருக்கும் நேரம் மிச்சமானதே பெரிய விடுதலை என்பது அவர் அங்கே கண்ட செய்தி.

உத்திரமேரூர்ப் பக்கம் அந்த மாற்றம் பள்ளிக்கூடத்தின் வழியே வந்தது. 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்குத் தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம் 2005-06 முதல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் எல்லோருக்கும் விரிந்தது. மேல்நிலைப் பள்ளி இல்லாத சிற்றூர்களிலிருந்து காலை எட்டு மணிக்கு மாணவிகள் ஐந்தாறு பேராகச் சேர்ந்து ஏரிக்கரையில் போவது இன்றும் பார்க்கக்கூடிய காட்சி. பத்தாவதோடு நிற்க வேண்டிய படிப்பை இந்த வண்டிகள் இரண்டு ஆண்டு நீட்டின. அந்த இரண்டு ஆண்டில்தான் கல்லூரிக்கு வழி திறக்கிறது.

ஆண்கள் அதற்குள் சைக்கிளை விட்டு இறங்கிவிட்டார்கள். 1980இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50, வியாபாரிகளின் சைக்கிளை ஒரே தலைமுறையில் தின்றுவிட்டது. அகலக் கேரியரும் பால் கேனும் மீன் கூடையும் அப்படியே மொபெட்டுக்கு இடம் மாறின. தொண்ணூறுகளின் இறுதியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளின் பஸ்கள் கூட்டுரோடு கூட்டுரோடாக நின்று இளைஞர்களை அள்ளிக்கொண்டு போயின. 1996 தேர்தலில் மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரஸ் சைக்கிள் சின்னத்தில் நின்று பெரும் வெற்றி பெற்றது. சாமானியனின் வாகனம் என்ற பெயர் சைக்கிளுக்கு நிறைவாக இருந்த கடைசிக் காலம் அது என்று சொல்லலாம். 2020 ஜூன் 3ஆம் தேதி, உலக சைக்கிள் தினத்தன்றே, அட்லஸ் தன் சாஹிபாபாத் ஆலையை மூடியது.

ஆக, மேற்கில் பொழுதுபோக்காகத் தொடங்கி உழைப்புக்கு இறங்கிய சைக்கிள், இங்கே உழைப்பில் ஓய்ந்தபிறகு பொழுதுபோக்காக ஏறியிருக்கிறது. சென்னையில் இப்போது சைக்கிள் குழுக்கள் பல. மெட்ராஸ் ராண்டனர்ஸ் போன்ற குழுக்கள் பாரிஸ் நகரத்து ஆடாக்ஸ் சங்கத்தின் விதிப்படி நெடுந்தூர ஓட்டங்கள் நடத்துகின்றன. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்திலும், 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்திலும் முடிக்க வேண்டும். முதலில் வந்தவர் என்று யாருக்கும் பரிசில்லை. சென்னையிலிருந்து உத்திரமேரூர் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் என்பதால் போய்த் திரும்பினால் 200ஐ நெருங்கிவிடும். சைக்ளிங் யோகீஸ் போன்ற குழுவினர் பழைய ஊர்களையும் சின்னங்களையும் தேடி மிதிக்கிறார்கள்.

அப்படித் தேடுபவருக்கு உத்திரமேரூரைச் சுற்றி மூன்று வழிகள் போதும்.

வடமேற்கே காஞ்சிபுரம் சாலையில் ஊரைத் தாண்டிய சிறிது தூரத்தில் திருப்புலிவனம், வியாக்ரபுரீஸ்வரர் கோயில். இன்னும் போனால் செய்யாற்றங்கரையில் திருமாகறல், சம்பந்தர் பாடிய தலம். பஞ்சபூதத் தலத்துக்கும் பட்டுக் கடைக்கும் காரில் விரைகிறவர்கள் கண்ணில் இவை படாமலே போய்விடும்.

வடக்கே திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம். அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில் பதினோராம் நூற்றாண்டு வீரராஜேந்திரன் கல்வெட்டு ஓர் ஆதுலர் சாலையின், அதாவது மருத்துவமனையின், கணக்கைச் சொல்கிறது: 15 படுக்கைகள், மருத்துவர் கோதண்டராம அசுவத்தாம பட்டன், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருபவர்கள், பணிப்பெண்கள், இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல். மருத்துவ வரலாறு எழுதுவோர் விடாமல் மேற்கோள் காட்டும் ஆவணம் இது. ஆற்று மணலைப் பார்த்தபடி ஒரு சிற்றூரில் இருக்கிறது. அக்கரையில் பழையசீவரம் மலை. மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பார்வேட்டைக்குப் பழையசீவரம் வந்து, ஆற்றைக் கடந்து திருமுக்கூடலுக்கும் எழுந்தருள்வார். சுற்று ஊர்க்காரர்கள் அன்று ஆற்றோரம் சைக்கிளைச் சாத்திவிட்டு மணலில் இறங்கிய வழக்கத்துக்கு இப்போது மோட்டார் சைக்கிள் வரிசை வந்திருக்கிறது.

மூன்றாவது, தென்கிழக்கே வேடந்தாங்கல். செங்கல்பட்டுக் கலெக்டர் பிளேஸ், ஏரியில் பறவைகளைச் சுடக்கூடாது என்ற ஊராரின் உரிமையை 1798இல் எழுத்தில் உறுதிசெய்து கொடுத்தார். ஊராருக்கு அதில் பக்தியும் இருந்தது, கணக்கும் இருந்தது: பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்த வயலுக்கு உரம் குறைவாகப் போதும். 1936இல் சரணாலயமாக அங்கீகாரம். 2022இல் பக்கத்துக் கரிக்கிலியோடு சேர்ந்து ராம்சர் பட்டியல். நவம்பர் முதல் மார்ச் வரை நத்தை குத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் கூழைக்கடாவும் கடப்ப மரங்களை நிறைத்துவிடும். கரையில் சத்தமில்லாமல் போகும் வண்டி சைக்கிள் ஒன்றுதான். பறவை பார்க்கப் போகிறவருக்கு அதைவிடப் பொருத்தமான வாகனம் கிடையாது.

குறையும் சொல்லியாக வேண்டும். உத்திரமேரூர் வட்டத்தில் கல்குவாரிகளும் கிரஷர்களும் பெருகிவிட்டன. ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டாரஸ் லாரிகள் ஏரிக்கரை அகலத்துக்குப் போட்ட சாலைகளில் ஓடுகின்றன. தார் பெயர்ந்து, ஓரம் அறுந்து, புழுதி பறக்கிறது. ஞாயிறு மட்டும் வருகிறவர் வேறு வழி பார்த்துக்கொள்வார். தினமும் விலையில்லா சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பெண்ணுக்கு வேறு வழி இல்லை. பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் லாரிகளை நிறுத்தி வைப்பது மாவட்ட நிர்வாகத்துக்குப் பெரிய காரியம் அல்ல. ஏரி தூர்வாரும்போது எடுத்த மண்ணைக் கரையில் போட்டு இறுக்கி, ஓரமாக நான்கடிப் பாதை விடுவதும் அல்ல. இரண்டாவது வேலைக்கு இந்த ஊரிலேயே பல்லவர் காலத்து முன்னுதாரணம் கல்லில் இருக்கிறது.

போகிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். உத்திரமேரூர்ச் சாலைகளில் இன்னும் மிஞ்சியிருக்கும் சைக்கிள் கடைகளில் கிடைக்கும் பெரிய டியூப் பழைய 28 இஞ்ச் சக்கர வண்டிக்கானது. அதன் ரிம் 635 மில்லிமீட்டர். புதிய ரேஸ் சைக்கிளின் ரிம் 622. கடை டியூப் அதற்குப் பொருந்தாது, வால்வும் வேறு. கடைக்காரர் ஒட்டுப் போட்டுத் தருவார், கோட்டமும் எடுத்துத் தருவார். மாற்று டியூபை மட்டும் வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.